ராஜாஜியும் காமராஜரும் இன்று இருந்தால் எந்தக் கட்சியில் இருப்பார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: ராஜாஜி, காமராஜர், சி. சுப்பிரமணியம் போன்ற மிதவாதத் தலைவர்கள் இன்று உயிரோடு இருந்தால் எந்தக் கட்சியில் இருப்பார்கள்? வீட்டில் மாமா ஒரு கட்சியைச் சொல்கிறார், நண்பர்கள் அதற்கு நேர் எதிரான கட்சியைச் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி? மேலோட்டமாகப் பார்த்தால் இது கட்சி பற்றிய கேள்வி. ஆனால் இதற்குள் வேறொன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தத் தலைவர்களின் பெயரைச் சொல்லி வோட்டு கேட்கிறவர்களில் யாருக்கு அந்த உரிமை உண்டு என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். கல்லூரியில் தமிழக அரசியல் வரலாறு பாடம் எடுத்து வருபவன் என்ற முறையில், தேர்தல் வரும்போதெல்லாம் இதே கேள்வி வகுப்பிலும் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆவணத்தில் இருப்பது எது, என் ஊகம் எது என்பதையும் பிரித்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பழைய தலைவரின் கருத்துகளை அப்படியே எடுத்து வந்து, இன்றைய கட்சிகளின் தேர்தல் அறிக்கையோடு பொருத்திப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. அது சரிப்படாது. அவர்கள் உயிரைக் கொடுத்து வாதாடிய பல விஷயங்கள் இன்று சண்டையே இல்லாமல் முடிந்துவிட்டன. தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்த முறையை, 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி கடைசிவரை திட்டிக்கொண்டிருந்தார். அந்த முறையில் பெரும்பகுதியை 1991இல் கலைத்தது யார்? அவர் எதிர்த்து நின்ற அதே காங்கிரஸ். அதன்பின் வந்த எந்த அரசும், எந்தக் கூட்டணியும், அந்தப் பழைய முறையை மீண்டும் கொண்டுவரவில்லை. 1956இல் காமராஜர் ஆட்சி தொடங்கிய மதிய உணவை 1982இல் எம்.ஜி.ஆர் சத்துணவாக விரித்தார், அப்புறம் வந்த ஒவ்வொருவரும் அதில் ஏதோ ஒன்றைச் சேர்த்தார்கள். இன்று மதிய உணவை ஆதரிப்பவர் எந்தக் கட்சி என்று கேட்டால் எல்லாக் கட்சியும் என்பதுதான் பதில். அப்படியானால் அந்தக் கொள்கைகளை வைத்துக்கொண்டு இவர்களை எந்த வரிசையிலும் நிறுத்த முடியாது.

அதைவிட நம்பத் தகுந்த ஒரு வழி இருக்கிறது. பதவியோ செல்வாக்கோ போகும் என்று தெரிந்தும் ஒருவர் எதை விடவில்லை, காலம் மாறியபோது எதைத் தயங்காமல் மாற்றிக்கொண்டார், யாரைத் தடுப்பதற்காக யாரோடு சேரத் துணிந்தார் என்று பார்ப்பது. பேசியதை விட இது அதிகம் சொல்லும்.

ராஜாஜியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அவரைத்தான் அதிகம் பேர் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் அவர். எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்ததும் அவர் அரசுதான், பெரியாரும் அதில் சிறை போனார். அதே மனிதர் 1950களின் பின்பகுதியில் இந்தி ஆட்சிமொழி ஆவதைக் கடுமையாக எதிர்த்தார், ஆங்கிலமே நீடிக்க வேண்டும் என்றார். 1952இல் 375 இடங்கள் கொண்ட சென்னை சட்டமன்றத்தில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டும். அந்த நிலையில் முதல்வராகப் பொறுப்பேற்றவர், கம்யூனிஸ்டுகள்தான் தன் முதல் எதிரி என்று ஒளிவுமறைவில்லாமல் அறிவித்தார். பதினைந்து வருடம் கழித்து, 1967 தேர்தலில் திமுக அமைத்த கூட்டணியில் அவருடைய சுதந்திராக் கட்சியும் இருந்தது, மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது, முஸ்லிம் லீகும் இருந்தது. அவருக்கு அப்போது 88 வயது. காங்கிரஸ் ஒரே கட்சியாக எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பதுதான் நாட்டுக்கு ஆபத்து என்று முடிவெடுத்த பிறகு, யாரோடு மேடை ஏறுகிறோம் என்பது அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது.

சரி, மாற்றிக்கொள்ளாதது எது? மதுவிலக்கு ஒன்று. 1937இல் சேலம் மாவட்டத்தில் அதைத் தொடங்கியவர், 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்படப்போகிறது என்று தெரிந்ததும் தொண்ணூறு வயதைத் தாண்டிய உடம்போடு முதல்வர் கருணாநிதியின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டது நடக்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் வைத்துப் பார்த்தால்கூட, மதுக்கடையை அரசே நடத்தும் ஏற்பாட்டை மாறி மாறித் தொடர்ந்த இரண்டு திராவிடக் கட்சிகளிலும் அவரால் நிம்மதியாக இருந்திருக்க முடியாது. இன்னொன்று, அண்டை நாட்டோடும் எதிர்த்தரப்போடும் பேசித் தீர்ப்பது. 1944இல் முஸ்லிம் லீகோடு சமரசத்துக்கு அவர் வகுத்த திட்டம், காங்கிரஸுக்குள்ளேயே அவருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது. 1962இல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்கா போய் கென்னடியைச் சந்தித்தார். 1964இல் சிறையிலிருந்து வெளியே வந்த ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து அவரிடம் காஷ்மீர் பற்றிப் பேசினார். இந்த ராஜாஜியை இன்றைய பாஜகவில் உட்காரவைக்க முடியாது. பொருளாதாரத்தில் தனியார் முயற்சியைத் தூக்கிப்பிடித்தவர், ராமாயணமும் மகாபாரதமும் எழுதிய பக்திமான் என்பதால் அவர் அங்கேதான் போயிருப்பார் என்று சொல்பவர்கள் பாதி ராஜாஜியைத்தான் பார்க்கிறார்கள். அதேபோல, 1953இல் அவர் கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டத்தை (பாதி நாள் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில்) குலக்கல்வி என்று எதிர்த்தது தமிழ்நாடு. அதுவே அடுத்த வருடம் அவர் பதவி விலகக் காரணமும் ஆனது. அதை மறைத்துவிட்டு, இந்தியை எதிர்த்தார் என்பதை மட்டும் காட்டி அவரைத் திராவிட இயக்கத்தின் நண்பராக மட்டும் வரைவதும் நேர்மை இல்லை.

அவர் குடும்பத்தையே பாருங்கள். 1959இல் அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கியபோது மகன் சி.ஆர். நரசிம்மன் காங்கிரஸ் எம்.பி. மகள் வழிப் பேரன் கோபாலகிருஷ்ண காந்தி 2017இல் எதிர்க்கட்சிகளின் குடியரசுத் துணைத்தலைவர் வேட்பாளர். கொள்ளுப்பேரன் சி.ஆர். கேசவன் காங்கிரஸில் இருந்து விலகி 2023இல் பாஜகவில் சேர்ந்தார். ரத்த உறவு கொள்கைக்குச் சாட்சி ஆகாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அவர் மடியில் வளர்ந்த வீட்டிலேயே ஒரே பதில் இல்லாதபோது, வெளியில் நிற்கும் நாம் இவ்வளவு உறுதியாகப் பேசுவது எப்படி?

கட்சி கலைந்த விதத்திலிருந்தும் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். 1967இல் சுதந்திராக் கட்சிக்கு மக்களவையில் 44 இடங்கள், காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி அதுதான். 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. கட்சித் தலைவராக இருந்த என்.ஜி. ரங்கா இந்திராவின் காங்கிரஸுக்குத் திரும்பினார். எச்.எம். படேல் 1977 ஜனதா அரசில் நிதி அமைச்சர் ஆனார். நம் ஊரில் எச்.வி. ஹண்டே அதிமுகவுக்குப் போய் எம்.ஜி.ஆர் அமைச்சரவையில் சுகாதாரத் துறையைப் பார்த்தார், பிறகு பாஜகவில் சேர்ந்தார். ஒரே தலைவரின் கீழ் ஒரே கொள்கை படித்தவர்கள் நாலு திசைக்கும் போனார்கள். இது ஊகம் இல்லை, நடந்தது.

காமராஜர் விஷயம் இன்னும் சிக்கலானது. உங்கள் மாமாவும் நண்பர்களும் மோதிக்கொள்வதும் பெரும்பாலும் இவர் பெயரில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது: எந்த வருடத்துக் காமராஜர்? 1954இல் முதல்வரானதும் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றபோது பெரியார் அவரை வெளிப்படையாக ஆதரித்தார். அரைநாள் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார், கிராமம் கிராமமாகப் பள்ளிகள் திறந்தார். இந்தக் காமராஜரைப் பார்ப்பவர்கள், அவர் இன்று சமூகநீதி பேசும் அணியில்தான் இருப்பார் என்று சொல்வது இயல்பு. 1964 ஜனவரியில் புவனேஸ்வரில் ஜனநாயக சோஷலிசத்தைக் காங்கிரஸ் தன் இலக்காக அறிவித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியதும் அவர்தான். 1966 நவம்பரில் டெல்லியில் பசுவதைத் தடை கேட்டு நடந்த ஊர்வலம் கலவரமானபோது தாக்கப்பட்ட வீடுகளில் காங்கிரஸ் தலைவரான அவருடைய வீடும் ஒன்று. ஆனால் 1971க்கு வாருங்கள். இந்திராவை எதிர்த்து பழைய காங்கிரஸ் (1969இல் கட்சி பிளந்தபோது காமராஜர் நின்ற பிரிவு) அகில இந்திய அளவில் அமைத்த பெருங்கூட்டணியில், இன்றைய பாஜகவின் முன்னோடியான ஜனசங்கம் இருந்தது. தமிழ்நாட்டில், முப்பது வருடத்துக்கும் மேலாக எதிரெதிர் கோஷ்டிகளாக நின்ற ராஜாஜியும் காமராஜரும் ஒரே அணியில் நின்று திமுகவை எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். அந்தத் தேர்தலில் திமுக இந்திரா காங்கிரஸோடு இருந்தது, 184 சட்டமன்ற இடங்களைப் பிடித்தது. தமிழ்நாட்டில் பழைய காங்கிரஸுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் காமராஜர் நின்ற நாகர்கோவில்.

ஆக மாமா கையிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, நண்பர்கள் கையிலும் ஒரு துண்டு இருக்கிறது. 1971 கூட்டணியை வைத்து அவர் பாஜகவுக்கு அருகில் இருந்தார் என்று முடிவு கட்டினால் தவறு. அது இந்திராவை வீழ்த்த அமைந்த தேர்தல் ஏற்பாடு, அதே கூட்டணியில் சோஷலிஸ்டுகளும் இருந்தார்கள். 1954 ஆதரவை வைத்து அவர் திமுகவில் இருப்பார் என்று சொன்னால் அதுவும் தவறு. 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே திமுக வேட்பாளரான மாணவர் தலைவர் சீனிவாசனிடம் தோற்றவர், அதன்பின்னும் அந்தக் கட்சியோடு அவர் சமரசம் செய்துகொள்ளவில்லை.

காமராஜரில் மாறாமல் இருந்தது என்று நான் நினைப்பது கொள்கை வரி எதுவும் இல்லை, கட்சி நடத்திய விதம். 1954இல் முதல்வர் போட்டியில் தன்னை எதிர்த்து நின்று தோற்ற சி. சுப்பிரமணியத்தை அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார், அவர் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலத்தையும் சேர்த்துக்கொண்டார். தோற்றவனை வெளியே தள்ளினால் கட்சி பலவீனமாகும் என்ற கணக்கு அதில் இருந்தது, ஆனால் கணக்கு மட்டுமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1963இல் கட்சி வேலைக்காகத் தானே முதல்வர் பதவியை விட்டு இறங்கி, மத்திய அமைச்சர்களையும் மற்ற முதல்வர்களையும் இறங்கவைத்தார். நேருவுக்குப் பிறகும் சாஸ்திரிக்குப் பிறகும் பிரதமர் யார் என்பதை முடிவு செய்வதில் மாநிலங்களிலிருந்து வந்த தலைவர்களின் குரலை எடுபடச் செய்தார். 1969இல் இந்திராவோடு வந்த பிளவைப் பலர் இடதுசாரிக்கும் வலதுசாரிக்கும் நடந்த சண்டையாக எழுதுகிறார்கள். காமராஜரைப் பொறுத்தவரை அப்படிச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்சி பெரியதா, அதிலிருந்து பிரதமரானவர் பெரியவரா என்பதுதான் அவருக்கு அங்கே கேள்வி.

அவரைத் தலைவர் என்று கடைசிவரை சொன்னவர்கள் எங்கே போனார்கள்? 1975 அக்டோபர் 2இல் அவர் மறைந்த பிறகு மூப்பனார் பெரும்பகுதியினரை இந்திரா காங்கிரஸில் இணைத்தார். பா. ராமச்சந்திரன் சேர மறுத்து ஜனதாவுக்குப் போய் மத்திய அமைச்சரானார். பழ. நெடுமாறன் காமராஜர் பெயரிலேயே கட்சி தொடங்கி, காலப்போக்கில் தமிழ்த் தேசியத்துக்குப் போனார். சிவாஜி கணேசன் காங்கிரஸில் இருந்தார், 1988இல் தனிக்கட்சி தொடங்கினார், பிறகு ஜனதா தளத்துக்குப் போனார். குமரி அனந்தன் வீட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அவர் காமராஜரின் சீடர். தம்பி வசந்தகுமார் 2019இல் கன்னியாகுமரியில் காங்கிரஸ் எம்.பி ஆனார். மகள் தமிழிசை அதே தேர்தலில் தூத்துக்குடியில் பாஜக வேட்பாளர். மூப்பனார் 1996இல் தொடங்கிய தமிழ் மாநில காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து 39 சட்டமன்ற இடங்களும் 20 மக்களவை இடங்களும் வென்றது, 2001இல் அதிமுகவோடு நின்றது, மகன் வாசன் 2014இல் மீண்டும் உயிர்ப்பித்த பிறகு 2024இல் பாஜக கூட்டணியில் நின்றது. மூன்று கூட்டணியிலும் மேடையில் காமராஜர் படம் இருந்தது.

சி. சுப்பிரமணியத்தைப் பற்றி இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. 1965இல் மொழிப் போராட்டத்தின்போது மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார், ஓ.வி. அளகேசனும் கூடவே செய்தார், ஆனால் இருவரும் கட்சியை விட்டுப் போகவில்லை. 1969இல் காமராஜர் ஒரு பக்கம் போக, இவர் இந்திரா பக்கம் நின்றார். அவசரநிலைக்குப் பிறகு இந்திராவையும் பிரிந்து, 1979இல் சரண் சிங் அரசில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். பசுமைப் புரட்சிக்கு வழி போட்டவர் என்ற முறையில் வேலை செய்ய இடம் கிடைக்கும் அரசில் இருக்க விரும்பிய மனிதராகத்தான் எனக்குத் தெரிகிறார். இன்று இருந்தால் மத்தியில் ஆளும் எந்தக் கட்சியும் அவரைக் கூப்பிட்டிருக்கும், அவர் போயிருக்கவும் கூடும். நான் சொல்வதிலேயே பலவீனமான ஊகம் இதுதான்.

இதில் பெரும்பாலான விவாதங்கள் தவறவிடும் ஒன்று இருக்கிறது. அன்றைய காங்கிரஸ் ஒரு கூட்டுக் குடும்பம் மாதிரி. அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாவிட்டாலும் ஒரே கூரைக்கு அடியில் இருக்க முடிந்தது. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தையே எதிர்த்து வெளியே போன ராஜாஜியை, சிறைக்குப் போய் வந்தவர்களின் கோபத்தையும் மீறி, சில வருடங்களில் கட்சி திரும்பச் சேர்த்துக்கொண்டது. அப்புறம் அவர் கவர்னர் ஜெனரல் ஆனார், முதல்வர் ஆனார். இன்றைக்கு அப்படி ஒருவர் எந்தக் கட்சியில் திரும்பி வருவார்? 1985இல் 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவி போய்விடும். 1967க்குப் பிறகு கட்சித் தாவல் தலைவிரித்தாடியதால் வந்த சட்டம் அது, அதன் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு சேர்த்து, கட்சிக்குள் இருந்துகொண்டே மனசாட்சிப்படி எதிர்த்து வாக்களிக்கும் இடமும் போய்விட்டது. மாநிலத் தலைவரைத் தொண்டர்கள் தேர்ந்தெடுக்காமல் மேலிடம் அறிவிக்கும் வழக்கமும் தேசியக் கட்சிகளில் நிலைத்துவிட்டது. மாநிலக் கட்சிகளிலும் தலைமை ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது. நான் சொல்லும் இந்த மாற்றம் எந்த ஒரு கட்சியின் மீதும் உள்ள குற்றச்சாட்டு இல்லை, எல்லோருக்கும் பொருந்தும்.

என் கணிப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். ராஜாஜி எந்தப் பெரிய கட்சியிலும் இருக்க மாட்டார் என்பதில் எனக்குக் கிட்டத்தட்ட சந்தேகம் இல்லை. டெல்லியில் அதிகாரம் குவிந்திருக்கும் வரை, குவித்து வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், அவருக்கு எதிராக எழுதிக்கொண்டும் சிறிய கட்சி ஒன்றை நடத்திக்கொண்டும் இருப்பார். தமிழ்நாட்டில் கூட்டணி யாரோடு என்றால், அதை என்னால் சொல்ல முடியாது, 1967க்கு முன்பு அவர் திமுகவோடு சேர்வார் என்றும் முன்கூட்டி எவரும் சொல்லியிருக்க முடியாது. காமராஜர் காங்கிரஸ் என்ற பெயரை விட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன், 1969இல் எல்லாம் கையை விட்டுப் போனபோதும் அவர் அந்தப் பெயரை விடவில்லை. ஆனால் மாநிலத் தலைமையை மேலிடம் நியமிக்கும் காங்கிரஸில் அவர் அதிக நாள் தங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான். மூப்பனார் 1996இல் எடுத்த முடிவுக்கு அருகில் அவர் வந்திருப்பார் என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம் மட்டும்தான், இதற்கு ஆவணம் கிடையாது.

உங்கள் மாமாவிடம் பேசும்போது 1971 கூட்டணியை மறுக்காதீர்கள், அது நடந்ததுதான். நண்பர்களிடம் பேசும்போது குடியாத்தத்தையும் மறுக்க வேண்டாம். இரண்டு பேரிடமும் இன்னொரு கேள்வி கேளுங்கள். தலைமைப் போட்டியில் தன்னை எதிர்த்து நின்றவரை அமைச்சரவையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் அவரவர் ஆதரிக்கும் கட்சியில் இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். காமராஜர் பெயரை யார் சொல்லலாம் என்று நான் முடிவு செய்வதாக இருந்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.